ஏழாம் நோடு: ஸ்லர்மோடு மூன்று வருடம்

ஆத்தூரிலிருந்து என் தோழி போன வாரம் கூப்பிட்டாள். அவள் வேலை பார்க்கும் கல்லூரியில் புதிதாக நாலு மெஷின் வாங்கியிருக்கிறார்கள். "நீ மூணு வருஷமா ஸ்லர்ம் வெச்சு ஓட்டிட்டிருக்க. ஹெல்த் செக் எல்லாம் அதுலயே வருதாமே, நாங்களும் அதையே போட்டுக்கலாமாடி?" என்று கேட்டாள். (ஸ்லர்ம் என்பது பல கம்ப்யூட்டர்களுக்கு வேலைகளை, அதாவது ஜாப்களை, வரிசைப்படுத்திப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள். அந்தக் கம்ப்யூட்டர்கள் நலமாக இருக்கின்றனவா என்று அவ்வப்போது பார்ப்பதுதான் ஹெல்த் செக்.) வேறு எந்த வாரம் கேட்டிருந்தாலும் "கண்ணை மூடிட்டுப் போடு" என்றிருப்பேன். அதற்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி நடந்தது இன்னும் மனசில் ஆறவில்லை. போனில் கொஞ்சம் கடுகடுவென்று பேசிவிட்டேன். அதனால் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரி லேப். வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு ஹெட் நோடு, கணக்குப் போடும் மெஷின்களாகப் பன்னிரண்டு கம்ப்யூட் நோடு. யூபிஎஸ் ஹெட் நோடுக்கும் சுவிட்சுக்கும் மட்டும்தான். மற்றதெல்லாம் நேரடியாக மெயின் லைனில். மெக்கானிக்கல் பசங்க ஓபன்ஃபோம் (காற்று, நீர் ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) ஓட்டுவார்கள், சிவிலில் இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் ராப்பகலாக ஜாப் போடுவார்கள். ஸ்லர்ம் என்றால் என்ன, எப்படி நிறுவுவது என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்தது, நம் நாட்டின் பரம் வரிசை சூப்பர் கம்ப்யூட்டர்கள் பலவற்றிலும் இதுதான். அதன் பெருமை பேச நான் வரவில்லை. பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள் நலமாக இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலையில் அது என்னோடு எப்படி நடந்துகொண்டது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் அது விட்டுப்போகக் கூடாது. ஹெல்த் செக் வசதி ஸ்லர்மில் இருக்கிறதே ஒழிய, நிறுவியவுடன் ஓடாது. இடைவெளி 0 என்றே வரும். நாம்தான் எத்தனை விநாடிக்கு ஒருமுறை என்று எழுதி, எந்த ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும் என்றும் காட்ட வேண்டும். அந்த ஸ்கிரிப்ட் 60 விநாடிக்குள் முடியாவிட்டால் ஸ்லர்மே அதைக் கொன்றுவிடும். நாங்கள் ஓட்டுவது லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவான என்ஹெச்சி (நோடு ஹெல்த் செக்). முழுக்க முழுக்க பாஷ் (லினக்ஸ் கட்டளை மொழி) ஸ்கிரிப்ட், திறந்து படித்தால் புரியும். ஒரு நோடு சரியில்லை என்று கண்டால் காரணத்தை எழுதி ஓரமாக நிறுத்திவிடும். தான் நிறுத்தியதைத்தான் தானே திரும்பச் சேர்க்கும், நான் கையால் நிறுத்தி வைத்ததைத் தொடாது. இந்த நாகரிகம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

போன வருடம் மூன்றாம் நோடில் மெமரி 64 ஜிபிக்குப் பதில் 48 என்று காட்டியது. யாரும் கவனிக்கவில்லை, ஜாப்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. காலையில் வந்து காரணப் பட்டியலைத் தட்டினேன். மெமரி குறைகிறது என்று தெளிவாக ஒரு வரி. கழற்றிப் பார்த்தால் ஒரு ரேம் ஸ்டிக் லேசாக நகர்ந்திருந்தது. பென்சில் ரப்பரால் அந்தத் தங்கப் பட்டையைத் துடைத்து, திரும்ப அழுத்தி உட்கார வைத்தேன். கிளிக் என்று இரண்டு காதும் மூடின. பத்து நிமிட வேலை. பெரிய ஜாப் பாதியில் செத்து, அந்த மாணவி ஒரு வாரத்தை இழந்த பிறகு தெரியவேண்டியது முன்னாடியே தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அதன்மேல் வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

நான் ஏற்காட்டில் அம்மா வீட்டில் இருந்தேன். சாயங்காலம் கோடை மழை, இடி. சேலத்திலும் அதே மழை, கரண்ட் போய் வந்திருக்கிறது. எட்டு மணிக்கு சிவில் மாணவர் கூப்பிட்டார். "அக்கா, என் ஜாப் க்யூவுலயே நிக்குது. திங்கட்கிழமை கைடுக்கு ரிசல்ட் காட்டணும்." போனிலேயே உள்ளே நுழைந்து நிலவரம் பார்த்தேன். பன்னிரண்டு நோடும் டவுன். காரணம் பன்னிரண்டுக்கும் ஒன்றேதான்: பதில் இல்லை.

இது எனக்குப் பழகிய எரிச்சல். ஒரு நோடு 300 விநாடி பதில் சொல்லாவிட்டால் ஸ்லர்ம் அதை டவுன் என்று குறிக்கும். கரண்ட் வந்து, நோடு எழுந்து, ஸ்லர்ம்-டி (நோடில் ஓடும் ஸ்லர்மின் சர்வீஸ்) ஓடி, "வந்துட்டேன்" என்று சொன்ன பிறகும் அது டவுன்தான். நாம் கையால் ரெஸ்யூம் (மறுபடி சேர்த்துக்கொள் என்ற உத்தரவு) கொடுக்கும் வரை வேலை தராது. 'ரிட்டர்ன் டு சர்வீஸ்' என்ற அமைப்பு தொடக்கத்தில் 0 என்று இருப்பதால் இப்படி. அதை 1 ஆக்கினால், பதில் இல்லாமல் போன நோடு திரும்பி வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும். நான் வேண்டுமென்றேதான் 0 என்று விட்டிருந்தேன். சொல்லாமல் விழுந்த மெஷினைப் பார்க்காமலேயே வேலைக்கு அனுப்பக் கூடாது என்று ஸ்லர்ம் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சேலத்தில் கோடைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறை பன்னிரண்டு நோடுக்கும் ரெஸ்யூம் கொடுத்துப் பாருங்கள், அந்த நியாயம் எவ்வளவு நாள் தாங்கும் என்று.

என்னைக் கொன்றது அதுவும் இல்லை. பதினொரு நோடில் 'டவுன்' என்று இருந்தது. ஏழாவதில் 'டவுன்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி. அந்தக் குறி இருந்தால் 'இந்த நொடியிலும் பதில் இல்லை' என்று பொருள்; இல்லாவிட்டால் 'வந்துவிட்டது, உங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறது.' காரணம் இரண்டுக்கும் ஒரே வரி. பிழைத்து வந்ததற்கும் வராததற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்த ஒரு குறியில்தான். ஆறங்குலப் போன் திரையில், மூடுபனியில் சிக்னல் ஒரு கோடு வந்தும் போயும் இருக்கும்போது, அது என் கண்ணில் பட அரை மணி நேரம் ஆயிற்று. பன்னிரண்டுக்கும் ரெஸ்யூம் கொடுத்துவிட்டு, ஏன் ஜாப் கிளம்பவில்லை என்று முழித்துக்கொண்டிருந்தேன். அந்த மாணவரின் ஜாப்புக்குப் பன்னிரண்டும் வேண்டும்.

ஏழாம் நோடுக்குள் நுழைய முடிந்தது. லினக்ஸில் சர்வீஸ்களைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்-டியிடம் கேட்டேன். ஸ்லர்ம்-டி: ஆக்டிவ், ரன்னிங். நோடுகள் ஒன்றையொன்று நம்புவதற்கு அடையாளச் சீட்டு எழுதித் தரும் மஞ்ச்: ஆக்டிவ், ரன்னிங். நேரம் பார்த்துக்கொள்ளும் குரோனி: ஆக்டிவ், ரன்னிங். மூன்றுக்கும் முன்னால் பச்சைப் புள்ளி. மூன்றையும் நிறுத்தி ஓட்டினேன், மறுபடி பச்சை. மஞ்சை மட்டும் தனியாகச் சோதித்தேன், அதுவே ஒரு சீட்டு எழுதி அதுவே பிரித்துப் படிக்கும் அந்த ஒரு வரிச் சோதனை. சக்ஸஸ் என்று வந்தது. அதோடு சிக்னல் போய்விட்டது. அம்மா சாப்பாட்டுத் தட்டை இரண்டு தடவை சூடு பண்ணி வைத்தாள்.

ஞாயிறு முதல் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி லேபுக்கு வந்தேன். ஏழாம் நோடில் மானிட்டரைச் செருகி, வேறு எதுவும் தோன்றாமல் 'டேட்' என்று அடித்தேன். சுவர்க் கடிகாரத்தில் 9.20. நோடில் 8.38. யூபிஎஸ்ஸின் பதிவைப் போய்ப் பார்த்தேன்: முந்தின நாள் பேட்டரியில் ஓடியது 42 நிமிடம். இரண்டும் ஒரே 42.

மதர்போர்டில் இருக்கும் அந்தக் காசு செல் வலுவிழந்து, கரண்ட் இல்லாத நேரமெல்லாம் கடிகாரம் அப்படியே நின்றிருக்கிறது. கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடியிருக்கிறது. மஞ்ச் எழுதும் சீட்டுக்கு ஆயுள் 300 விநாடி. ஹெட் நோடு அனுப்பிய சீட்டு ஏழாம் நோடுக்கு எதிர்காலத்திலிருந்து வந்ததாகத் தெரியும், ஏழாம் நோடு அனுப்பியது ஹெட் நோடுக்குக் காலாவதியானதாகத் தெரியும். இரண்டு பக்கமும் தள்ளுபடி. அதே மெஷினில் எழுதி அதே மெஷினில் படித்தால் கடிகாரம் ஒன்றுதானே, எப்படித் தப்பாகும்? அதனால்தான் ராத்திரி என் சோதனை சக்ஸஸ் என்றது.

குரோனி இதைச் சரி செய்திருக்க வேண்டும். நாலு மாதம் முன்னால் ஏழாம் நோடின் டிஸ்க் போனபோது பழைய இமேஜிலிருந்து (முழு டிஸ்க் நகல்) ஏற்றினேன். அதில் ஹெட் நோடின் பழைய ஐபி. இல்லாத முகவரியைக் கூப்பிட்டுக்கொண்டே குரோனி நாலு மாதமாகப் பச்சையாக இருந்திருக்கிறது. அந்த முகவரியை மாற்றாதது என் தவறு, மறைக்கவில்லை.

ஆனால் என் ஆத்திரம் அங்கே நிற்கவில்லை. இதைக் கண்டுபிடிக்கத்தானே ஹெல்த் செக்? யோசித்துப் பார்த்தால், அந்தச் சோதனையை ஓட்டச் சொல்லும் உத்தரவே ஹெட் நோடிலிருந்து மஞ்ச் சீட்டோடுதான் வருகிறது. சீட்டு செல்லாது என்றால் உத்தரவும் வாசலோடு திரும்பிவிடும். ஸ்லர்ம்-டி எழும்போது ஒருமுறை அங்கேயே ஓடுமே என்றால், அது பார்த்தது மஞ்ச் என்ற பிராசஸ் இருக்கிறதா என்று. இருந்தது. ஒருவேளை கோளாறைக் கண்டிருந்தாலும், என்ஹெச்சி அதை ஹெட் நோடுக்குச் சொல்வதும் அதே மஞ்ச் வழியாகத்தான். நோயாளிதான் தூதுவனும்.

நியாயமாகச் சொன்னால் ஹெட் நோடின் லாகில் 'காலாவதியான சீட்டு' என்று ராத்திரி முழுக்க எழுதிக்கொண்டேதான் இருந்தது. நான் ஏழாம் நோடின் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் என்ற இடத்தில் 'பதில் இல்லை' என்பதற்குப் பதில் அந்தச் சொல்லைப் போட்டிருந்தால் நான் ஏற்காட்டிலிருந்தே முடித்திருப்பேன், அந்த மாணவர் ஒரு ராத்திரியை இழந்திருக்க மாட்டார். ஸ்லர்ம் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் மஞ்ச் வைத்திருக்கிறார்கள், கரண்ட் போகாத ஊரும் இல்லை. இது அரிய கோளாறே இல்லை.

இப்போது செய்திருப்பது இது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஹெட் நோடில் ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை): சீட்டை ஹெட் நோடில் எழுதி, ஒவ்வொரு நோடாக எஸ்எஸ்ஹெச் (ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் வழி) வழியாகக் கொண்டுபோய் அங்கே பிரித்துப் படிக்கச் சொல்கிறது. ஒன்று தவறினாலும் நோடு பெயரோடு எனக்குச் செய்தி வரும். காலையில் ஒருமுறை பன்னிரண்டு நோடையும் சேர்த்துக் கேட்கும் ஒரு குட்டி ஜாப், பெயரைச் சொல்லிவிட்டு முடிந்துவிடும். பன்னிரண்டு பெயர் வந்தால்தான் நம்புகிறேன். பச்சைப் புள்ளியைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

ஆத்தூர்த் தோழிக்கு என் பதில்: வேண்டாம். நாலு மெஷினுக்கு இது வேண்டாம்டி. நாலு பேர் பெயரெழுதி முறை வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். நான் இதைக் கழற்றப் போவதில்லை. பன்னிரண்டு நோடை இதைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வேறொன்று எனக்குத் தெரியாது, மூன்றாம் நோடின் ரேமை நான் மறக்கவும் மாட்டேன். ஆனாலும் உன்னிடம் "போடு" என்று சொல்ல இந்த வாரம் எனக்கு வாய் வரவில்லை.

முதல் அக்ரஹாரத்தில் ஒரு வாட்ச் கடையில் 2032 செல் பதினாறு வாங்கினேன். ஏழாம் நோடுக்கு அன்றைக்கே போட்டாயிற்று, மீதிப் பதினொன்றும் வருகிற சனிக்கிழமை. நாலு செல் உனக்கு. அந்த மெஷின்கள் புதுசோ பழசோ, முதலில் இதை மாற்று.