தர நோக்கம்: துறைக்கு ஒன்றா, நிறுவனத்துக்கு ஒன்றா, கைமாறும் இடத்துக்கு ஒன்றா?

ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக நிறச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவையால் நிரப்பி மட்டம் தட்டுவார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி, வெயில். கண்ணாடியோடு ஒட்டியிருந்த முகத்துக்குப் பளபளப்பு தானே வந்துவிடும். உறுதி அப்படி வராது. சிமெண்டு தண்ணீரோடு சேர்ந்து இறுக நாள் கொடுக்க வேண்டும்.

காரைக்குடிப் பக்கம் அப்படி ஒரு பட்டறைக்கு ஐ.எஸ்.ஓ. 9001 என்ற சர்வதேசத் தர மேலாண்மைத் தரநிலைக்கான ஆவணங்களை அமைத்துக் கொடுத்தேன். தர நோக்கங்களை, அதாவது தரத்துக்கென வைக்கும் அளக்கக்கூடிய இலக்குகளை, துறைகளுக்கு எப்படிப் பங்கிடுவது என்பதில் மூன்று வழிகளையும் அங்கே பார்த்துவிட்டேன்.

முதல் வழி, துறைக்குத் துறை தானே எழுதிக்கொள்வது. பெரும்பாலான நிறுவனங்களில் இதுதான் நடக்கிறது. தங்கள் கையால் எழுதியது என்பதால் ஆட்களுக்கு அதில் பிடிப்பு இருக்கும், அளப்பதும் எளிது. எங்கள் பட்டறையில் கொள்முதல் பிரிவு மணல் செலவைக் குறைப்பதாக எழுதியது. விற்பனைப் பிரிவு சொன்ன தேதியில் சரக்கை அனுப்புவதாக எழுதியது. தொட்டிப் பிரிவு, தொட்டி ஒன்றுக்கு வாரம் இத்தனை கற்களைக் கூடுதலாக இறக்கி ஏற்றுவதாக எழுதியது. மூன்றும் நல்ல நோக்கங்களாகத்தான் தெரிந்தன. நானும் சரி என்றேன். அது என் தவறு.

அந்தக் காலாண்டில் எல்லாத் துறைகளும் இலக்கைத் தொட்டன. கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீட்டு வளவுக்குப் போன கற்கள், பதிக்கும்போதே முனை உதிர்ந்தன. குறித்த தேதியில் போன கற்கள்தாம் அவை. தொட்டியில் இரண்டு நாள் குறைவாகக் கிடந்தவையும் அவையே. ஒரு கல்லைக் கையில் எடுத்து விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன், மணலாகக் கொட்டியது. பக்கத்தில் நின்ற மேஸ்திரி, “கல் இன்னும் தண்ணீர் குடித்து முடிக்கவில்லை, தம்பி” என்றார். தொட்டியைச் சீக்கிரம் காலி செய்யச் சொல்லி நாங்களே எழுதி வைத்திருந்தோம்.

இரண்டாவது வழி, மேலிருந்து ஒரே எண். அடுத்த கூட்டத்தில் முதலாளி, வாடிக்கையாளர் புகார் இரண்டு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்தார். அதுவே எல்லாத் துறைகளின் பலகையிலும் ஏறியது. திசை ஒன்றாகிறது, தரக் கொள்கையோடு பொருந்துகிறது, தணிக்கைக்கு வருபவருக்கும் திருப்தி. ஆனால் கணக்கர் என்னிடம், “இதற்கு நான் என்ன செய்ய வேண்டும், சார்?” என்று கேட்டார். பதில் இல்லை. வழியைச் சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள் என்று அமெரிக்கத் தர நிபுணர் டெமிங், மேலாண்மைக்கான தம் 14 அம்சங்களில் வலியுறுத்தியது இதைத்தான். ஐந்தாறு பேர் வேலை செய்யும் சிறு பட்டறையில், முதலாளி எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கும் இடத்தில், இந்த வழி போதும். அதற்கு மேல் போனால் அது சுவரில் தொங்கும் காகிதம்தான்.

எல்லாத் துறைக்கும் ஒரு நோக்கம் கட்டாயம் என்று பலர் நம்புகிறார்கள். தரநிலை அப்படிக் கேட்கவில்லை. 2008 பதிப்பு, தொடர்புடைய பணிப்பிரிவுகளிலும் மட்டங்களிலும் நோக்கங்கள் வேண்டும் என்றது. 2015 பதிப்பின் 6.2 பிரிவு அவற்றோடு செயல்முறைகளையும் சேர்த்தது. அந்த ஒரு சொல்தான் மூன்றாவது வழிக்குக் கதவு. கணக்குப் பிரிவுக்கென்று தனி நோக்கம் இல்லாமலே இருக்கலாம். தம் வேலை தரத்தை எங்கே தொடுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

மூன்றாவது வழியில் நோக்கத்தைத் துறைக்குள் வைக்காமல், பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் இடத்தில் வைக்கிறோம். அடுத்த வேலையைச் செய்பவரே உங்கள் வாடிக்கையாளர் என்ற ஜப்பானியத் தர நிபுணர் இஷிகாவாவின் கருத்து இதற்கு அடிப்படை. சிக்கல் ஒன்று உண்டு. என்ன செய்வது, என்ன வளம், யார் பொறுப்பு, எப்போது முடியும், எப்படி மதிப்பிடுவது என்ற ஐந்தையும் 6.2.2 கேட்கிறது. இரண்டு துறைகளுக்குப் பொதுவான நோக்கம் என்றால் பொறுப்பு இருவருக்கும் இல்லாமல் போய்விடும். நாங்கள் வைத்துக்கொண்ட விதி இது: பொறுப்பு கொடுப்பவருடையது, அளப்பது வாங்குபவர். மணல் தரத்துக்குக் கொள்முதல் பொறுப்பு. சலித்துப் பார்த்துத் திருப்பிய லோடுகளை எண்ணுவது வார்ப்புப் பிரிவு. ஊறிய கல்லுக்குத் தொட்டிப் பிரிவு பொறுப்பு. தட்டிப் பார்த்து, முனையைத் தடவி, தள்ளிய கற்களை எண்ணுவது கட்டி அனுப்புகிறவர். ஆர்டர் தெளிவுக்கு விற்பனை பொறுப்பு. வார்க்கத் தொடங்கிய பின் நிறம் மாறி வந்த ஆர்டர்களைக் குறித்து வைப்பது வார்ப்பு மேஸ்திரி.

இதற்கு நேரம் பிடிக்கும். முதல் இரண்டு மாதம் பேச்சுவார்த்தை சண்டை போலவே இருக்கும். தன் வேலையை இன்னொருவர் எண்ணுவதை யாரும் விரும்புவதில்லை. ஆனாலும் பல துறைகள் உள்ள எந்த நிறுவனத்துக்கும் நான் பரிந்துரைப்பது இதைத்தான். முதல் வழியை அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பது போன்று ஒரு துறைக்குள்ளேயே முடிந்துவிடும் வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பட்டறையில் பெரிய மாற்றம் தொட்டிப் பிரிவில் நடக்கவில்லை, விற்பனை மேசையில் நடந்தது. கட்டி அனுப்புகிறவரின் நோட்டைப் பார்த்த விற்பனையாளர், தேதி சொல்லும் முன் தொட்டியில் இடம் எப்போது என்று மேஸ்திரியிடம் கேட்கத் தொடங்கினார். ஊறும் நாள்களையும் சேர்த்துத்தான் இப்போது ஆர்டர் படிவத்தில் தேதி எழுதுகிறார்கள்.