அடுத்த கன்சோலுக்கு முன்னோட்டமாக ஒரு பிளேஸ்டேஷன் 5 புரோ

2024 நவம்பரில் வெளிவந்த, சோனியின் வீடியோ கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 புரோ, இன்றைய ஆட்டங்களை மேலும் அழகாகக் காட்டும் கருவி என்பது உண்மைதான். ஆனால் அடுத்த தலைமுறைக் கன்சோலின் வன்பொருள் எப்படி இருக்கும் என்று யூகிக்க விரும்புவோருக்கு, கையில் எடுத்துச் சோதித்துப் பார்க்கக்கூடிய சிறந்த சான்றும் இதுவே.

பழைய பிளேஸ்டேஷன் 5-இல் 36 ஆக இருந்த, காட்சிகளை வரையும் வரைகலைக் கணிப்பு அலகுகள் இதில் 60 ஆகியுள்ளன. நினைவகத்தின் வேகமோ நொடிக்கு 448 ஜிகாபைட்டிலிருந்து 576 ஜிகாபைட்டுக்குத்தான் உயர்ந்திருக்கிறது. அலகுகள் பெருகிய அளவுக்கு அவற்றுக்குத் தரவு கொண்டுவரும் பாதை அகலவில்லை. சோனி கூறும் வேக உயர்வும் அதிகபட்சம் 45 சதவீதம்தான். எஞ்சிய இடைவெளியை நிரப்புவது பி.எஸ்.எஸ்.ஆர். என்னும் இயந்திரக் கற்றல் முறை. குறைந்த தெளிவில் வரையப்பட்ட காட்சியை, முந்தைய ஃபிரேம்களின் தகவலையும் சேர்த்துக்கொண்டு இது 4கே அளவுக்கு உயர்த்துவதால், தெளிவா வேகமா என்று ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் பல ஆட்டங்களில் பெரிதும் குறைகிறது. தொடக்கத்தில் சில ஆட்டங்களில் இலைகளும் நிழல்களும் மினுங்கியது உண்மையான குறையே. ஆயினும் இந்தப் பாதை சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

2025 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 5-ஐ வடிவமைத்த சோனியின் மார்க் செர்னியும் அதன் சில்லுகளை உருவாக்கும் ஏ.எம்.டி. நிறுவனமும் விளக்கிய மூன்று நுட்பங்களும் இதே பாதையில்தான் செல்கின்றன: இயந்திரக் கற்றலுக்காகக் கணிப்பு அலகுகளை ஒன்றிணைப்பது, ஒளி பட்டுத் தெறிக்கும் வழியைக் கணக்கிட்டு வரையும் ஒளிக்கதிர்த் தடமறிதலுக்குத் தனி மையங்கள் அமைப்பது, நினைவகத்துக்குப் போய்வரும் தரவு அனைத்தையும் சுருக்குவது. மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் புரோ மாடல் முட்டி நிற்கும் இடம் அதுவே.

புரோவின் மையச் செயலி இன்னும் 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் இருந்த ஏ.எம்.டி.யின் ஜென் 2 வகைதான், கூடுதல் வேக நிலையில் 3.85 ஜிகாஹெர்ட்ஸை எட்டுவதைத் தவிர. கூட்டம் நிறைந்த நகரக் காட்சிகளில் தடுமாறும் ஆட்டங்களுக்கு இதனால் பெரிய விடிவு இல்லை. அடுத்த கன்சோல் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

அடுத்த கன்சோலில் விலைக்கேற்ப இரண்டு மாடல்கள் வருமானால், மைக்ரோசாஃப்டின் மலிவு மாடலான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் தந்த பாடத்தை மறக்கலாகாது. அதன் விலை கூடிய மாடலான சீரிஸ் எக்ஸில் 16 ஜிகாபைட் நினைவகம் இருக்க, சீரிஸ் எஸ்ஸில் 10 ஜிகாபைட்தான். பால்டர்ஸ் கேட் 3 என்ற ஆட்டம் எக்ஸ்பாக்ஸுக்கு 2023 டிசம்பரில் வந்தபோது, சீரிஸ் எஸ்ஸில் திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதி இல்லாமலே வந்தது. மலிவு மாடலில் வரைகலை அலகுகளைக் குறைக்கலாம், காட்சித் தெளிவு மட்டும் இறங்கும். நினைவகத்தைக் குறைத்தால் ஆட்டத்தின் வடிவமைப்பே சுருங்கிவிடும்.

4கே தொலைக்காட்சி வைத்திருப்பவர்கள் புரோவைத் தயங்காமல் வாங்கலாம். ஏற்கெனவே பிளேஸ்டேஷன் 5 உள்ள மற்றவர்கள் காத்திருக்கலாம். டிஸ்க் டிரைவைத் தனியாகவே வாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மெலிந்த பிளேஸ்டேஷன் 5-இல் பொருந்தும் அதே டிரைவ்தான் புரோவிலும் பொருந்துகிறது. அடுத்த கன்சோலும் அதை ஏற்குமாறு வடிவமைக்கப்பட வேண்டும் என்பது டிஸ்க்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் என் போன்றோரின் உறுதியான கோரிக்கை.