ஒரே வெட்டில் சூடா, விட்டுவிட்டுச் சூடா? கார்பன் ஃபைபர் தகட்டை அளக்க இரண்டு வழிகள்

இழையெல்லாம் ஒரே திசையில் ஓடும் கார்பன் ஃபைபர் எபாக்சி தகடு ஒன்றை எடுத்து, நடுவில் லேசரால் ஒரு புள்ளியைச் சூடாக்கி, தெர்மல் கேமராவில் பாருங்கள். திரையில் வட்டம் வராது. இழை ஓடும் பக்கம் நீண்ட முட்டை வடிவம்தான் வரும். நீளம் அகலத்தைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வெப்பம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைச் சொல்லும் எண்தான் பரவல்திறன்; இரண்டு முறைகளும் அளப்பது அதைத்தான். வெப்பம் போகும் தூரம் அதன் வர்க்கமூலத்தை ஒட்டியே வளரும். ஆக, இழை வழியே பரவல்திறன் எட்டு ஒன்பது மடங்கு அதிகம். வழக்கமான இழைகளில் நெடுக்கே வினாடிக்குச் சுமார் 3.5 சதுர மி.மீ., குறுக்கிலும் தடிமன் வழியாகவும் சுமார் 0.4. முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஃபிளாஷ் முறை 1961-ல் அமெரிக்காவில் பார்க்கரும் சகாக்களும் தந்தது. முன்பக்கம் செனான் விளக்கால் ஒரே ஒளிவெட்டு, பின்பக்கம் கேமரா. பின்பக்கச் சூடு உச்சத்தில் பாதியைத் தொட எவ்வளவு நேரம் என்று பார்த்து, தடிமனின் வர்க்கத்தை 0.1388-ஆல் பெருக்கி, அந்த நேரத்தால் வகுத்தால் விடை. 2 மி.மீ. தகட்டுக்குச் சுமார் 1.4 வினாடி ஆகும். வினாடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவுக்கு அது தாராளம். அதே தடிமன் செம்பு என்றால் அடுத்த படம் விழுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நிமிடத்தில் வேலை முடியும், ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு மதிப்பு கிடைக்கும். ஆனால் தடிமனில் 5% பிசகினால் விடையில் 10% பிசகும். கண்ணாடி இழைத் தகட்டில் ஒளி உள்ளேயே ஊடுருவிவிடும், கறுப்புப் பெயின்ட் அடிக்காமல் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த எளிய கணக்கு தடிமன் திசையை மட்டுமே சொல்லும்.

இன்னொன்று, 1861-ல் ஸ்வீடனின் ஆங்ஸ்ட்ராம் உலோகத் தண்டில் செய்துகாட்டியது. தகட்டிலிருந்து வெட்டிய பட்டையின் ஒரு முனையைச் சீரான இடைவெளியில் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வெப்ப அலை நகர நகர வீச்சு (சூடு ஏறி இறங்கும் அளவு) குறையும், கட்டம் (சுற்றில் அலை எந்த இடத்தில் இருக்கிறது என்பது) பின்தங்கும். 20 வினாடிக்கு ஒரு சுற்று என்றால், இழை வழியே ஏறக்குறைய 4.7 மி.மீ. போவதற்குள் வீச்சு 37 சதவீதமாகிவிடும். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. காற்றுக்குப் போகும் வெப்ப இழப்பு வீச்சின் சரிவை (தூரத்தோடு குறையும் வேகத்தை) கூட்டும், கட்டத்தின் சரிவைக் குறைக்கும். வீச்சை மடக்கையில் எடுத்து இரண்டு சரிவையும் பெருக்கினால் இழப்பு தானாகக் கழிந்துவிடும்! கட்டத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டால் பரவல்திறன் கூடுதலாகத் தெரியும். நானே அப்படி ஏமாந்திருக்கிறேன்.

பொறுமை வேண்டும். அலை நிலைபெறும்வரை பல சுற்றுகள் காத்திருக்க வேண்டும், பட்டையும் நீளமாக வேண்டும். அதற்குக் கைமேல் பலன் உண்டு: பல சுற்றுகளின் சராசரியில் இரைச்சல் அடங்கிவிடுவதால் குளிரூட்டாத மலிவான கேமராவே போதும்.

தடிமன் வழியே எண் வேண்டுமா, ஃபிளாஷ்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இழை வழியே என்றால் ஆங்ஸ்ட்ராம். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இரண்டாவதையே வாங்குவேன்; நெடுக்கே ஒரு பட்டை, குறுக்கே ஒரு பட்டை வெட்டி அளந்தால் இரு திசையும் கைக்கு வரும். வெட்டும் முன் இழைத் திசையைத் தகட்டில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பெயின்ட் அடித்த பிறகு அது கண்ணுக்குத் தெரியாது.