தி சிட்டி ஆஃப் தி டெட் (1960): பனிக்குள் ஒளிந்திருக்கும் சாத்தான் கூட்டம்

கதை நடப்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஒயிட்வுட் என்ற கற்பனை ஊரில். எடுத்ததோ இங்கிலாந்தின் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில், சுமார் 45,000 பவுண்டு செலவில். அந்தப் பணத்துக்கு ஊரையே கட்ட முடியாது. ஒரு தெரு, ஒரு கல்லறைத் தோட்டம், ஒரு விடுதி. மிச்சத்தையெல்லாம் பனிமூட்டத்தால் மூடிவிட்டார் இயக்குநர் ஜான் மாக்ஸி. செட் எங்கே முடிகிறது என்று தெரியாததால், இந்த ஊரைவிட்டு வெளியேற வழியே இல்லை என்ற பயம் தானாக வந்துவிடுகிறது. ஒளிப்பதிவாளர் டெஸ்மண்ட் டிக்கின்சன் கறுப்பு வெள்ளையை எவ்வளவு அறிந்தவர் என்பதற்கு விடுதிக் காட்சி ஒன்றே போதும். வரவேற்பறையில் ஜோடிகள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். உடை மாற்றிக்கொண்டு நாயகி வந்து பார்த்தால் அறை காலி. ரத்தம் இல்லை, அலறல் இல்லை. முதுகு சில்லிடுகிறது.

சூனியம் பற்றி ஆராய வரும் மாணவி நேன் பார்லோதான் (Nan Barlow) நாயகி; அவளை அனுப்பிவைக்கும் பேராசிரியராகக் கிறிஸ்டோபர் லீ. ஆனால் படத்தைத் தாங்குபவர் பாட்ரீஷியா ஜெசல்தான். 1692இல் எரிக்கப்பட்ட சூனியக்காரி, இன்றைய விடுதிக்காரி என இரண்டு வேடம். குரலை உயர்த்தாமலே மிரட்டுகிறார்.

பாதிக்கு மேல் வேகம் தளர்கிறது. தொலைக்காட்சிக்கு எழுதிய கதையைத் திரைப்படமாக நீட்ட, தயாரிப்பாளர் மில்டன் சுபோட்ஸ்கி நாயகியின் காதலன் வரும் பகுதியைச் சேர்த்தார். ஒட்டு தெரிகிறது. ஜாஸ் இசையும் பயத்தைக் கலைக்கிறது. வரலாற்றிலும் ஒரு பிழை: 1692இல் மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்குகளில் யாரையும் எரிக்கவில்லை; 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஆனாலும் கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் உச்சக்கட்டக் காட்சிக்காக இந்தக் குறைகளை மன்னிக்கலாம். முடிவை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பாருங்கள்.

எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். ‘ஹாரர் ஹோட்டல்’ என்ற பெயரில் வந்த அமெரிக்கப் பதிப்பில் சுமார் 2 நிமிடம் வெட்டப்பட்டது. எரிக்கும் காட்சியில் சூனியக்காரியும் அவள் கூட்டாளியும் சாத்தானிடம் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அதில்தான் போய்விட்டது. அது இல்லாமல், அவள் எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்பதே விளங்காது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பல பிரதிகள் மங்கலானவை; பனியும் நிழலும் ஒரே சாம்பலாகத் தெரியும். 78 நிமிடம் ஓடுகிறதா, மூலப் பெயர் இருக்கிறதா, தொடக்கத்தில் எரிக்கும் காட்சியில் அந்த ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வேறு பிரதி தேடுங்கள்.