படகுக்கு நாலு நட்சத்திரம், சீட்டுக்கு ஒன்றுமில்லை

போர்ட்ஸ்மவுத் பக்கம் ஒரு பழம்பொருள் கடை. பெயர் வேண்டாம். ஜன்னலோரத்தில் ஒரு மாதிரிப் பாய்மரப் படகு நின்றது. பாய்மரத்தில் கட்டியிருந்த சீட்டில், 'விக்டோரியா காலம், சுமார் 1890, 220 பவுண்டு'. பேரம் பேசி 180க்கு முடித்தேன். கடைக்காரர் பழைய போர்வையில் சுற்றி, தாங்குகட்டையையும் சும்மா தந்து, காரில் ஏற்றிவிட்டார். அதுவரை குறையே இல்லை.

வீட்டுக்கு வந்து டேப் பிடித்தேன். உடல் சரியாக 50 அங்குலம். சந்தேகம் அங்கேதான் முளைத்தது. இரண்டு பாய்களையும் முக்கோணமாக வைத்துக் கணக்குப் போட்டால் 800 சதுர அங்குலத்தை ஒட்டி வருகிறது. 50க்கு 800 என்றால் மார்பிள்ஹெட் என்னும் பந்தய மாதிரிப் படகு வகைதான். மசாசூசெட்ஸில் உள்ள மார்பிள்ஹெட் ஊரில் 1930இல் ராய் கிளஃப் வகுத்த அளவு அது. 1937இல்தான் சர்வதேச வகையானது. விக்டோரியா ராணி 1901லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்!

அப்புறம் சுக்கானைப் பார்த்தேன். பின்தளத்தில் காற்றுத் திசைக்குத் திரும்பும் சின்ன இறகு ஒன்று இருக்கிறது. சுக்கானைத் திருப்புவது அதுதான். 1935இல் நார்வேக்காரர் சாம் பெர்க் அதைப் பொருத்திய படகோடு எதிர்க்கரை காஸ்போர்ட்டுக்குப் போட்டிக்கு வந்தார். இங்கே அது பரவியது அதற்குப் பிறகுதான். சரி, அப்படியானால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய படகோ என்று நினைத்தேன். இறகைக் கழற்றினால், வார்னிஷுக்கு அடியில் மெழுகு அடைத்த நாலு பழைய துளைகள். அவற்றுக்கு முன்னால், நடுக்கோட்டில், ரப்பர் மாட்டும் குட்டிப் பித்தளைக் கொக்கி. பிரெய்ன் அமைப்பின் மிச்சம்! பெரிய பாயின் கயிறே சுக்கானை இழுக்கும், ரப்பர் அதை நடுவுக்குக் கொண்டுவரும். இறகுக்கு முந்தைய முறை அது. ஆக, பிரெய்னோடு பிறந்து பின்னால் இறகுக்கு மாறிய படகு. 1930களின் பின்பாதி என்று சொல்வேன். படகில் அந்தத் துளைகள்தான் எனக்கு ஆகப் பிடித்தவை.

பாய் வேறு கதை. இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தேன். துணி மங்கலாகவே இருந்தது, தையல் நூல் மட்டும் பளீரென நீலமாய் மின்னியது. சலவைத்தூள் பட்ட பழைய துணியும் இப்படி மின்னுவதுண்டு, ஆனால் அப்போது துணி முழுக்க மின்னும். நூல் மட்டும் என்றால் அது வெளுப்பூட்டி கலந்த பிற்கால நூல், யாரோ பின்னால் தைத்திருக்கிறார்கள். பாயில் பந்தய எண்ணும் இல்லை. இருந்திருந்தால் பதிவேட்டில் தேடியிருக்கலாம்.

கடைக்குப் போன் செய்தேன். "விற்றவர் அப்படித்தான் சொன்னார்" என்றார் கடைக்காரர். பணம் திரும்ப வராது, அடுத்த முறை பத்து பவுண்டு குறைக்கிறாராம். சீட்டை எழுதும் முன் டேப்பைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். அங்கே போகிறவர்கள் அளக்க ஒரு டேப்பும் ஒரு டார்ச்சும் கொண்டு போங்கள்.

படகைத் திருப்பிக் கொடுக்கவில்லை. போன ஞாயிறு காஸ்போர்ட் குளத்திலேயே விட்டேன். இறகைச் சரிசெய்தபின் அக்கரை வரை ஒரே நேராகப் போனது. வீட்டில் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு தேக்கரண்டித் தண்ணீர்.