கார் எலக்ட்ரானிக்ஸ் வேலை: ஃபிட்டிங் கடையா, ரிப்பேர் மேசையா?

ஐடிஐ முடித்த தம்பிகள் இரண்டு பேர் இந்த மாதம் என்னிடம் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஆக்சஸரீஸ் கடையில் ஃபிட்டராகச் சேரலாமா, இல்லை ஈசிஎம் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்), மீட்டர் கிளஸ்டர் (ஸ்பீடோமீட்டர் இருக்கும் பேனல்), வயரிங் கோளாறு பார்க்கும் இடத்தில் சேரலாமா? நான் சென்னை ஜி.பி. ரோட்டில் ஏழு வருடம் ஃபிட்டிங் செய்தவன். நான்கு வருடமாகச் சென்னை பாடி பகுதியில் சொந்தமாக ரிப்பேர் மட்டும் பார்க்கிறேன். என் மனசு ரிப்பேர் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஃபிட்டிங் வேலையின் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததே. அன்றன்றைக்குக் காசு கையில் வரும். ஸ்க்ரூ டிரைவர் செட், டிரிம் டூல், கட்டர், ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும். எந்த வண்டியின் டேஷ்போர்டு கிளிப் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் இழுத்தால் உடையும் என்பதெல்லாம் இரண்டே வருடத்தில் விரலுக்குப் பழகிவிடும். ரிப்பேருக்கு மாறிய பிறகும் அந்தப் பழக்கம் எனக்குத் தினமும் உதவுகிறது.

ஆனால் வேலை சுருங்கிக்கொண்டே வருகிறது. பம்பரில் துளை போட்டு ரிவர்ஸ் சென்சார் மாட்டுவது ஒரு காலத்தில் எங்களுக்கு அன்றாட வேலை. 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் அது கட்டாயம் என்று ஆனதும், கம்பெனியிலேயே மாட்டி வர ஆரம்பித்தது. டச் ஸ்கிரீனும் இப்போது பல வண்டிகளில் கூடவே வருகிறது.

இருந்தாலும் நான் மாறியதற்குக் காரணம் அது இல்லை. திரும்பி வரும் வண்டிதான் காரணம்.

பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் கடையில் ஆண்ட்ராய்டு டச் ஸ்கிரீன் செட் மாட்டிக்கொண்டு போனார். அடுத்த வாரமே வந்து நின்றார். "தம்பி, நீங்க கை வச்சதுல இருந்து மூணு நாள் நிறுத்தினா வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது." பேட்டரி பழசு சார் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் மறுபடியும் வந்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் கடை வேலை முடிந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி மீட்டரை எடுத்தேன்.

நிறுத்திய வண்டி எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்க, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் வைத்துச் சேர்த்தேன். கதவு திறந்திருந்தாலும் மூடியதாக வண்டி நினைக்கும்படி லாட்ச்சை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பிவிட்டேன். அப்புறம் அரை மணி நேரம் எதையும் தொடவில்லை. உள்ளே இருக்கும் மாட்யூல்கள், அதாவது கண்ட்ரோல் போர்டுகள், தூங்கப் போக அவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும். நல்ல வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள் இறங்கிவிடும். இது 350க்குக் கீழே வரவே இல்லை. ஒரு நாளைக்கு 8.4 ஆம்பியர்-ஹவர் காலியாகும், மூன்று நாளில் 25. அவருடையது 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, அதுவும் பழசு. எப்படி ஸ்டார்ட் ஆகும்?

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ரூம் லேம்ப் ஃபியூஸை எடுத்ததும் மீட்டர் 30க்கு இறங்கியது. அந்த லைனைப் பிடித்துக்கொண்டு போனால், கண்ணாடி ஓரத் தூணின் உறைக்குள் ஒரு டேஷ்கேம் வயர். மேலுறையைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். வெயிலில் டேப்பின் பசை உருகி, சுற்று நழுவி, செம்பு பச்சை பூத்திருந்தது. அதை வேறு யாரோ எங்கள் செட்டுக்கு முன்னாலேயே மாட்டியிருக்கிறார்கள். கோளாறு எங்களுடையது இல்லை. ஆனால் வண்டி உள்ளே வந்தபோதே நாங்கள் அளந்து வைத்திருந்தால்தானே அதைச் சொல்ல முடியும்? ஒரு வண்டிக்கு ஒரு மணி நேரம் என்று ஓடும் கடையில் அரை மணி நேரம் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்க யார் விடுவார்கள்?

ஃபிட்டிங்கில் இதுதான் பெரிய வலி. பேனலை ஒரு தடவை கழற்றிவிட்டால், ஆறு மாதம் கழித்துப் பவர் விண்டோ நின்றாலும் அது நம் தலையில்தான் விழும். காசு வாங்காமல் பார்த்துக் கொடுக்க வேண்டும். வேலை சுத்தமாகச் செய்பவனுக்கும் அவசரத்தில் முறுக்கிவிட்டுப் போகிறவனுக்கும் ஒரே பெயர்தான்.

ரிப்பேரில் வண்டி கோளாறோடுதான் வருகிறது, அளப்பதுதான் முதல் வேலை. ஸ்கேனரை மாட்டி, அது காட்டும் கோளாறு எண்களைப் படம் எடுத்து வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் டூலை எடுப்பேன். மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசவில்லை என்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டின் (ஸ்கேனர் மாட்டும் இடம்) 6, 14ஆம் பின்களுக்கு நடுவே ஓம்ஸ் பார்ப்பேன். மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் கேன் லைன் நேராக அங்கே வரும் வண்டிகளில் 60 ஓம்ஸ் காட்ட வேண்டும். 120 காட்டினால் லைனின் இரண்டு முனைகளிலும் இருக்கும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர்களில் ஒன்றின் தொடர்பு அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட். பத்து நிமிடத்தில் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். ஃபிட்டிங்கில் இருந்தபோது பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பால் எந்த வயரையும் குத்திப் பார்ப்போம். ஈசிஎம்மின் 5 வோல்ட் சிக்னல் லைனில் அந்தப் பல்பு இழுக்கும் கரண்ட்டுக்கு உள்ளே ஏதாவது எரிந்துபோகலாம் என்பதை இங்கே வந்துதான் புரிந்துகொண்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்ததும் தண்ணீர் புகுந்த போர்டுகள் வரிசையாக என் மேசைக்கு வந்தன. கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்யூல் இருக்கும் வண்டிகள்தான் அதிகம். கனெக்டர் பின்களில் வெள்ளையும் பச்சையுமாக உப்பு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விட்டு மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, உலர்த்தி, லென்ஸில் பார்த்தால் ஈயம் வைத்த ஒரு பின்னைச் சுற்றி மயிரிழை போல வட்டமாக விரிசல். பழைய ஈயத்தை எடுத்துப் புது ஈயம் வைத்தால் சில போர்டுகள் பிழைத்துக்கொள்ளும். பிழைக்காத போர்டும் எந்த நிலையில் வந்தது என்பதற்குப் படம் இருக்கிறது. வண்டி திரும்பி வருவது இங்கேயும் உண்டு. ஆனால் சண்டை வருவதில்லை.

பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ஈசிஎம் வாங்கிப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் வண்டியைக் கிளம்ப விடாத பூட்டு) இருக்கும் வண்டியில் அந்த ஈசிஎம்முக்கு இந்தச் சாவியைத் தெரியாது. வண்டியின் சொந்தப் போர்டிலிருந்து டேட்டாவை எடுத்து வாங்கி வந்ததில் எழுத வேண்டும், இல்லையென்றால் வண்டி கிளம்பாது. அதனால்தான் ரிப்பேருக்கு ஆள் தேடி வருகிறார்கள்.

இந்தப் பக்கத்துக் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். ஸ்கேனர், ஈயத்தை உருக்கும் ஹாட் ஏர், சிக்னலைத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப் என்று வாங்கியதில் முதல் வருடம் முழுக்கக் கடன். ஒரு போர்டோடு இரண்டு நாள் உட்கார்ந்து, கடைசியில் முடியாது என்று திருப்பிக் கொடுத்த நாட்கள் உண்டு, அதற்கு நான் காசு வாங்குவதில்லை. கிளஸ்டர் வேலை செய்கிறேன் என்று தெரிந்தால் கிலோமீட்டரைக் குறைத்துத் தரச் சொல்லி ஆள் வரும். நான் செய்வதில்லை, அடுத்து அந்த வண்டியை வாங்குபவரை ஏமாற்றும் வேலை அது. ஃபிட்டிங் கடையில் இதேபோல் சீட் பெல்ட் சத்தத்தை நிறுத்தும் கிளிப் கேட்பார்கள். அதையும் மறுத்துவிடுங்கள்.

எலக்ட்ரிக் காரில் என் அனுபவம் 12 வோல்ட் பக்கத்தோடு நிற்கிறது. ஆரஞ்சு உறை போட்ட ஹை வோல்ட்டேஜ் கேபிளை அதற்கான பயிற்சி இல்லாமல் தொடக் கூடாது என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் ஆலோசனை சொன்னால் சரியாக இருக்காது.

வந்த தம்பிகளில் ஒருவருக்கு வீட்டில் உடனே சம்பளம் தேவை. அவரை ஃபிட்டிங் கடையிலேயே சேரச் சொன்னேன். இரண்டு வருடம் அங்கே கை பழகட்டும், ராத்திரியில் பழைய போர்டுகளை வாங்கிச் சால்டரிங் கற்றுக்கொள்ளட்டும். இன்னொருவர் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து என் மேசைக்கு வருகிறார்.

பெரிய ஆம்ப்ளிஃபயர் வேலை வந்தால் பழைய கடையில் இன்னமும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிடுவார்கள். போவேன். ஸ்கேன் போட்டு, பேட்டரி வோல்ட்டேஜை ஜாப் கார்டில் எழுதி, வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் முதல் கிளிப்பைக் கழற்றுவேன்.