மின்விசிறியா, நீலாம்பரியா, பதிவு செய்த மழையா: தூக்கத்துக்கு ஏற்ற ஓசையைத் தேர்ந்த கதை

சென்ற ஆண்டு ஐப்பசியில், ஆத்தாவின் அருகில் இருப்பதற்காகச் சென்னையிலிருந்து செட்டிநாட்டுப் பள்ளத்தூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஆத்தாவுக்கு எழுபத்தாறு வயது. பத்து மணிக்குப் படுத்தால் உடனே கண் அயர்ந்துவிடுவார்கள். ஆனால் தெருவில் ஒரு நாய் குரைத்தாலும், பக்கத்துத் தோப்பில் மயில் அகவினாலும், தொலைவில் சரக்கு லாரி ஒன்று காற்றொலிப்பானை அழுத்தினாலும் விழித்துக்கொள்வார்கள். விழித்தால் மறுபடி தூங்க இரண்டு மணி நேரம் ஆகும். மாத்திரை வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டதால், ஓசையை ஓசையால் மறைக்கும் வழியைத் தேடினேன். எட்டு மாதங்களில் நான்கு வழிகளைப் பயன்படுத்திப் பார்த்து, ஒன்றில் நிலைத்திருக்கிறோம். அந்த அனுபவத்தை வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. தூங்கும்போதும் காது மூடிக்கொள்வதில்லை. ஒலியின் அளவைவிட, அதில் திடீரென்று நேரும் மாற்றமே நம்மை எழுப்புகிறது. அறை 30 டெசிபெல் அமைதியில் இருக்கும்போது 60 டெசிபெல் ஒலிப்பான் கேட்டால், அது முப்பது டெசிபெல் தாவல். அதே அறையில் 45 டெசிபெல் அளவில் சீரான ஓசை ஒன்று முன்பே நிரம்பியிருந்தால் தாவல் பாதியாகக் குறைந்துவிடும். மின்விசிறியானாலும் மழையானாலும் செய்யும் வேலை இதுதான். ஆகவே கேட்க இனிமையாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், இரவு பத்து மணி முதல் விடியும் வரை ஓசை மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

மின்விசிறியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. செலவு இல்லை, எல்லார் வீட்டிலும் இருக்கிறது, நம்மில் பலர் சிறு வயதிலிருந்தே அந்த இரைச்சலில்தான் உறங்கிப் பழகியிருக்கிறோம். 1962-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, தூக்கத்துக்கென்றே செய்யப்பட்ட ஒலிக்கருவியும் பெட்டிக்குள் அடைத்த ஒரு சிறிய விசிறியே. ஆனால் எங்கள் வீட்டில் மூன்று இடர்கள் வந்தன. பழைய விசிறியை மாற்றி, மின்சாரம் மிச்சமாகும் என்று பிஎல்டிசி (தூரிகையில்லா மோட்டார்) விசிறி போட்டிருந்தேன். 75 வாட் இழுத்த இடத்தில் இது ஏறத்தாழ 30 வாட் மட்டுமே இழுக்கிறது. ஓசையும் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டதால் மறைப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. பழைய விசிறியையே திரும்ப மாட்டினால், மார்கழியில் ஓசை வேண்டுமென்றால் குளிர்க்காற்றையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது. ஆத்தாவின் முழங்காலுக்கு அது ஆகவில்லை.

மூன்றாவது இடர்தான் பெரியது. நள்ளிரவில் மின்சாரம் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது விசிறியின் குரலே மாறிவிடுகிறது. எங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை வகை; அதன் மின்னழுத்தம் வளைந்து ஏறி இறங்காமல் சட்டென்று தாவும். மின்வாரியத்தின் மின்சாரத்தில் மெல்லிய இரைச்சலாகச் சுழலும் விசிறி, இன்வெர்ட்டரில் அடித்தொண்டையிலிருந்து ரீங்காரமிடத் தொடங்கும். மின்வாரிய மின்சாரத்தைப் போலவே வளைந்து ஏறி இறங்கும் சைன் அலை இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. எங்கள் வீட்டிலோ, மின்சாரம் போவதும் ஆத்தா எழுந்து உட்காருவதும் ஒரே நேரத்தில் நடந்தன. காற்றுக்குளிரூட்டியும் இப்படித்தான், அதன் கம்ப்ரசர் நின்று நின்று ஓடும் பழைய வகையானால், அந்த நிற்றலும் தொடங்கலும் இரவு முழுவதும் மாற்றங்களைத் தந்துகொண்டே இருக்கும்.

அடுத்து இசை. சங்கராபரணத்திலிருந்து பிறந்த ராகமான நீலாம்பரிக்குத் தூக்கத்தோடு உள்ள உறவை நம்மவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கோயில்களில் பள்ளியறைப் பூசையின்போது நாதசுரத்தில் அது ஒலிப்பதைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். இசை தூக்கத்துக்கு உதவும் என்பதற்கு ஆய்வுத் துணையும் உண்டு. 2008-இல் வெளியான ஹங்கேரிய ஆய்வு ஒன்றில், 19 முதல் 28 வயது வரையுள்ள 94 மாணவர்கள் பங்கேற்றார்கள். அவர்களில் மூன்று வாரங்கள் படுக்கும் நேரத்தில் 45 நிமிடம் மென்மையான செவ்வியல் இசை கேட்டவர்களின் தூக்கம் மேம்பட்டது. ஒலிநூல் கேட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. கண் அயர்வதற்கு இசை நல்லது என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் ஆத்தாவின் சிக்கல் கண் அயர்வது அல்ல, அயர்ந்த கண் திறந்துகொள்வது. நீலாம்பரி ஆலாபனை மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ்க் குரலில், தவழும்வரை எல்லாம் நலமாக இருக்கும். பாடகர் மேல் ஸ்தாயியின் தார சட்ஜத்தைத் தொட்டு நிறுத்தும் இடத்தில் ஆத்தா புரண்டு படுப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கச்சேரிப் பதிவாக இருந்தால் இறுதியில் கைத்தட்டல் வேறு. நல்ல இசையின் உயிரே ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. தூக்கத்தைக் காக்கும் ஓசைக்கோ அதுவே குறை. எனக்கும் ஓர் அனுபவம் உண்டு: படுக்கும்போது கேட்ட மெட்டு இரவு இரண்டு மணிக்கு விழித்தால் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். 2021-இல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தார் இதையே ஆய்ந்து, பிரபலமான பாடல்களைப் பாட்டு வரிகளோடு கேட்பதைவிட வாத்தியத்தில் மட்டும் கேட்டால் மெட்டு மனத்தில் அதிகமாக ஒட்டிக்கொள்கிறது என்றும், அது தூக்கத்தைக் கெடுக்கிறது என்றும் கண்டார்கள். பாட்டு வேண்டாம், வீணை மட்டும் போடுவோம் என்று எண்ணுபவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது.

மூன்றாவதாகக் கடையில் கிடைக்கும் ஒலிக்கருவி. மதுரையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொடுத்ததை நான்கு இரவுகள்தான் வைத்திருந்தேன். எனவே என் தீர்ப்பை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை இரைச்சல், இளஞ்சிவப்பு இரைச்சல், பழுப்பு இரைச்சல் என மூன்று தெரிவுகள் அதில் இருந்தன. வெள்ளை இரைச்சலில் எல்லா அதிர்வெண்களுக்கும் சம ஆற்றல்; அதனால் காதுக்குச் சீறலாகக் கேட்கும். இளஞ்சிவப்பில் ஒவ்வோர் எண்மத்துக்கும் (அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு படிக்கும்) 3 டெசிபெல், பழுப்பில் 6 டெசிபெல் என மேல் அதிர்வெண்களின் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். பழுப்பு தொலைவில் கேட்கும் கடலைப் போல் இருக்கும். ஆங்கிலத்தில் அதற்கு அமைந்த பெயர் நிறத்திலிருந்து வந்ததன்று, துகள்களின் ஓயாத அசைவைக் கண்டு சொன்ன இராபர்ட் பிரௌன் என்பவரின் பெயரிலிருந்து வந்தது. கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தது; மறுப்பதற்கில்லை. ஆத்தாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "குக்கர் விசில் வரப்போற மாதிரியே இருக்குப்பா" என்றார்கள். பழுப்புக்கு மாற்றினால், அந்தச் சிறிய ஒலிபெருக்கியில் அடித்தள ஓசை வரவில்லை.

கைக்குழந்தை உள்ள வீடுகளில் இத்தகைய கருவியை வாங்க எண்ணுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளை இரைச்சல் கேட்ட 20 பச்சிளங்குழந்தைகளில் 16 பேர் ஐந்து நிமிடத்துக்குள் தூங்கினார்கள்; கேட்காத 20 பேரில் 5 பேர் மட்டுமே தூங்கினார்கள். பலன் உண்மைதான். ஆனால் 2014-இல் 14 கருவிகளை அளந்தபோது, முழு ஒலியில் 30 செ.மீ. தொலைவில் மூன்று கருவிகள் 85 டெசிபெல்லைத் தாண்டின. தொட்டிலில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் வேண்டவே வேண்டாம்; ஓர் ஆள் உயரத்துக்கும் மேலான தொலைவில், குறைந்த ஒலியில் வையுங்கள்.

நான் தேர்ந்தது பதிவு செய்த மழையை. இதற்கு வந்து சேர்ந்த வழியிலும் இரண்டு முறை தவறினேன்.

முதலில் கைப்பேசியில் இணையத்திலிருந்து நேரடியாக ஒலிக்கவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து நடுநிசியில் ஒரு விளம்பரக் குரல் வீடெங்கும் முழங்கியது. செட்டிநாட்டு வீடுகளில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், ஆத்தங்குடித் தரைக்கல்லும் பளிங்குபோல் தேய்த்த சுண்ணாம்புச் சுவரும் ஒலியைச் சிறிதும் உறிஞ்சாமல் திருப்பி அனுப்பும். முகப்பில் பேசினால் பின்னாலுள்ள இரண்டாங்கட்டில் கேட்கும். அன்று இரவு மூவர் விழித்தோம். அதற்குப் பிறகு தரவிறக்கிய ஒரு மணி நேரக் கோப்பைச் சுழற்சியில் போட்டேன். கோப்பு முடிந்து மீண்டும் தொடங்கும் இடத்தில் அரை நொடிக்கும் குறைவான மௌனம். பகலில் கேட்டால் கவனிக்கவே மாட்டோம். நள்ளிரவு ஒரு மணிக்கு அந்த மௌனம் வந்தபோது, இருட்டிலிருந்து ஆத்தாவின் குரல் கேட்டது: "மழை விட்டுருச்சாப்பா?" வளவு (நடுமுற்றம்) வாசலில் காயப்போட்ட வடகத்தை நினைத்துத்தான் கேட்டிருக்கிறார்கள்.

அந்த ஒரு கேள்விதான் என் தேர்வை முடிவு செய்தது. ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும், நடுவில் ஒரு தையல் இருந்தால் விழிப்பு அந்தத் தையலில் வந்து நிற்கும். எம்பி3 வடிவத்தில், கோப்பின் முன்னும் பின்னும் சிறிது வெறுமை தானாகவே சேர்ந்துவிடுகிறது. எவ்வளவு கவனமாக வெட்டினாலும் சுழற்சியில் அந்த இடைவெளி எட்டிப்பார்க்கும். இதற்குத் தீர்வு எளிது. சுழற்சியையே விட்டுவிட்டு, இரவு முழுவதுக்கும் ஒரே நீண்ட கோப்பாகச் செய்துகொள்ள வேண்டும். 128 கேபிபிஎஸ் தரத்தில் எட்டு மணி நேர எம்பி3 ஏறத்தாழ 460 எம்பி இடம் பிடிக்கும். எந்தப் பழைய கைப்பேசியிலும் அடங்கும்.

மழையும் எங்கள் வீட்டு மழையாகவே இருக்கட்டும் என்று கார்த்திகையில் ஒரு நாள் வளவை ஒட்டிய பட்டாலையில் கைப்பேசியை வைத்துப் பதிவு செய்தேன். நான்கு பக்கத்து நாட்டு ஓட்டிலிருந்தும் நீர் வளவுக்குள் இறங்கும் ஓசை அது. முதல் பதிவு வீணாயிற்று: மூலையில் தண்ணீர் பிடிக்க வைத்திருந்த பித்தளை அண்டாவில் விழுந்த தாரை, அண்டா நிரம்ப நிரம்பச் சுருதி ஏறிக்கொண்டே போனது. கேட்பதற்கு அழகுதான், தூங்குவதற்கு ஆகாது. மறு மழைக்கு அண்டாவை எடுத்துவிட்டு, தாரை விழும் இடத்தில் இரண்டு சாக்கை மடித்துப் போட்டேன். கிடைத்த ஐம்பது நிமிடத்தில் இடி விழுந்த இடங்களையும், யாரோ வாளியை நகர்த்திய இடத்தையும் வெட்டி எறிந்தபின் முப்பத்திரண்டு நிமிடம் மிஞ்சியது. ஒலித்தொகுப்பு மென்பொருளில் அதன் கடைசி இருபது நொடி மெல்லத் தேய, அதன்மேலேயே அடுத்த நகலின் முதல் இருபது நொடி மெல்ல எழும்படி அடுக்கி, எட்டு மணி நேரத்துக்கு நீட்டினேன். எந்த இடத்தில் ஒட்டினேன் என்று இப்போது எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

மழைக்கு ஆதரவாக இன்னொன்றும் சொல்லலாம். கனத்து, சீராகப் பெய்யும் மழையின் ஓசை பல அதிர்வெண்களில் பரவியிருப்பதால் வெள்ளை இரைச்சல் செய்யும் வேலையையே செய்கிறது. ஆனால் காதுக்கு அந்நியமாகப் படுவதில்லை. தூறலும் இடிமழையும் இதற்கு உதவா. ஒன்று சொட்டுச் சொட்டாகத் தனித்துக் கேட்கும், மற்றது அதிர வைக்கும்.

எங்கள் இன்றைய ஏற்பாட்டைச் சொல்கிறேன். பழைய கைப்பேசியில் சிம் கார்டு இல்லை. விமானப் பயன்முறையில் (ஏரோபிளேன் மோட்) இருப்பதால் அழைப்போ அறிவிப்போ குறுக்கே வராது. மின்கலச் சேமிப்பு அமைப்பில் மழையை ஒலிக்கவிடும் செயலிக்கு விலக்குக் கொடுத்தாயிற்று. இல்லையென்றால் கைப்பேசியே நள்ளிரவில் அதை நிறுத்திவிடும். கம்பியில் இணைத்த சிறிய ஒலிபெருக்கி மின்கலத்தில் இயங்குவதால், மின்சாரம் போனாலும் வந்தாலும் மழையில் மாற்றமில்லை. அதை ஆத்தாவின் கட்டிலிலிருந்து எட்டடி தள்ளி, அறை மூலையில், சுவரைப் பார்த்தபடி, மடித்த போர்வையின் மேல் வைத்திருக்கிறேன். வெறுந்தரையில் வைத்தால் கல் அதிர்ந்து ஒருவித உலோக ஓசை சேர்கிறது. ஒலியின் அளவு, கட்டிலில் படுத்தபடி மெதுவாகப் பேசினால் அடுத்தவருக்குக் கேட்கும் அளவே.

பராமரிப்பு என்று பார்த்தால், தினமும் பகலில் இரண்டையும் மின்னேற்ற வேண்டும். ஓர் இரவு நான் மறந்ததால் மூன்று மணிக்கு ஒலிபெருக்கி அணைந்து, ஆத்தா விடியும்வரை விழித்திருந்தார்கள். விசிறிக்கு இந்தக் கவலை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சைன் அலை இன்வெர்ட்டரும் ஓசை எழுப்பும் பழைய விசிறியும் உள்ளவர்கள், குளிர் தாங்குபவர்களாகவும் இருந்தால், இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. திருவிழாக் காலத்து ஒலிபெருக்கிக் குழாய்களை எதிர்க்க மழையாலும் முடியாது. குடியிருப்புப் பகுதியில் இரவுக்கு 45 டெசிபெல் என்று 2000-ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்திருப்பதைத் தெருவில் பேசித்தான் பெற வேண்டும். இரைச்சலைத் துணைகொண்டு தூங்குவது பற்றி 2021-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பும், கிடைத்துள்ள சான்றுகள் வலுவற்றவை என்றே சொல்கிறது. என் சாட்சியமும் ஒரு வீட்டுக்குரியது. அந்த வீட்டில் ஆத்தா இப்போது வாரத்தில் ஐந்து நாளாவது நான்கரை மணிவரை தொடர்ந்து தூங்குகிறார்கள்.

சித்திரையில் ஓர் இரவு கோடை மழை கொட்டியது. பதிவை அணைத்துவிடலாமா என்று கைநீட்டியவன், அணைக்காமல் விட்டேன். வெளியே பெய்த மழை இரண்டு மணிக்கு விட்டுவிட்டது. அறைக்குள் விடியும்வரை பெய்தது.